ஒஹாயோ களிமண் ஓவல், 1/32 அளவு ஸ்லாட் கார் டிராக்: ரூட்டிங் முடிந்தது, சீனரியை எங்கே தொடங்குவது?

பேஸ்மென்ட்_பாண்டி

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒஹாயோவில் டேட்டன் பக்கம் இருக்கிறேன். இங்கிருந்து வடக்கே காரை எடுத்தால் சோள வயல்களுக்கு நடுவில் ராஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர், அதை ஒட்டித்தான் எல்டோரா ஸ்பீட்வே. 1954-இல் ஏர்ல் பால்ட்ஸ் கட்டிய களிமண் டிராக், 2004-இல் டோனி ஸ்டூவர்ட் வாங்கினார், செப்டம்பரில் லேட் மாடல் என்கிற வகைக் கார்களின் வேர்ல்ட் 100 ரேஸ் நடக்கிற இடம். டர்ட் ரேஸிங் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார், அதோடு பைத்தியம் பிடித்துவிட்டது.

இப்போது பேஸ்மென்ட்டில் 16 அடிக்கு 5 அடி எம்.டி.எஃப். பலகையில் ஸ்லாட் கார் ஓட இரண்டு லேன் ஓவல் ரூட்டரில் வெட்டி (காரின் அடியில் உள்ள கைடு என்ற முள் இந்தக் காடிக்குள், அதாவது ஸ்லாட்டுக்குள், ஓடும்), கரன்ட்டுக்குக் காப்பர் டேப் ஒட்டி, கார் ஓடுகிறது. அரை மைலை 32-ஆல் வகுத்தால் ஒரு சுற்று 25 மீட்டர் வர வேண்டும், எனக்குப் பத்தரை மீட்டர்தான் கிடைத்தது, அதைப் பற்றிக் கவலை இல்லை. திருப்பங்களில் பேங்கிங் (வெளிப்பக்கம் உயர்ந்த சரிவு) இருக்கிறது. கார்களின் அடியில் இருக்கும் பிடிப்புக் காந்தத்தை எடுத்துவிட்டேன், நன்றாக வால் வீசுகின்றன. வெளி லேன் ஸ்லாட்டிலிருந்து பலகை விளிம்புக்கு 12 செ.மீ. விட்டிருக்கிறேன்.

ஆனால் பார்ப்பதற்குச் சமையலறை மேடை மாதிரி இருக்கிறது. இனிமேல்தான் சீனரி. ஒன்றுக்குப் பத்து வீடியோ பார்த்துக் குழம்பிப்போய் இங்கே வந்திருக்கிறேன்.

டிராக் மேல் நிஜ மண்ணை ஒட்டலாமா, பெயின்ட் மட்டும் போதுமா? சுவரும் அதன் மேலே கம்பிவலையும் கார் அடித்தால் தாங்குகிற மாதிரி எதில் செய்வது? ஸ்டாண்டில் உட்கார ஆட்கள் வாங்கப் போனால் விலை கண்ணைக் கட்டுகிறது, 1/32 மனிதன் ஒருவனுக்குக் கேட்கிற காசில் இங்கே வயிறு நிறையச் சாப்பிடலாம், நூறு பேருக்கு எங்கே போவேன்? அப்புறம், பலகையின் ஒரு நீளப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் போடலாமா, வீட்டில் இடம் மிச்சம் என்கிறார்கள். எதை முதலில் தொடுவது என்று யாராவது ஒழுங்குபடுத்திச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

ரூட்டர்_ரவி

பாண்டி, சுவரோடு சேர்க்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 அடி என்பது 152 செ.மீ., மனிதன் கை வசதியாக எட்டுவது 70, 75 செ.மீ., அதற்கு மேல் எட்ட வேண்டுமென்றால் நெஞ்சை டிராக் மேல் வைத்துப் படுக்க வேண்டும், படுத்தால் நீங்கள் கட்டிய வேலி, விளக்கு, ஆள் எல்லாம் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு வரும். தூரத்துப் பக்கத்தில்தான் கார் கழன்று விழும், அது விதி. பின்னால் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் மேஜைக்குச் சக்கரம் போடுங்கள்.

மண் விஷயம். டயர் படுகிற இடத்தில் நிஜ மண் வேண்டாம், எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் வேண்டாம். பசையில் உட்கார்ந்த மண் என்பது உப்புத்தாள், ஒரு மாலை ஓட்டினால் பின் டயர் கூம்பாகத் தேயும். தேய்ந்து கிளம்புகிற பொடி ஸ்லாட்டுக்குள் இறங்கும், பிரெய்டில் (காரின் அடியில் கரன்ட் எடுக்கிற பின்னல் கம்பி) ஏறும், கியரில் உள்ள கிரீஸோடு சேர்ந்து அரைக்கும். எங்கள் கிளப்பில் ரேலி டிராக் ஒன்றில் இதைச் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் சுரண்டி எடுத்தார்கள்.

உங்கள் 12 செ.மீ. நல்ல அளவு. கணக்கு எளிது: கைடிலிருந்து கார் வாலுக்குப் பத்து செ.மீ. என்று வையுங்கள், கார் 45 டிகிரி திரும்பி வால் வீசினால் காரின் அகலத்தையும் சேர்த்துப் பின் மூலை ஸ்லாட்டிலிருந்து 9 செ.மீ. வெளியே போகும். ஆக 9 வரை வெறும் பெயின்ட். அதற்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சுகிற இரண்டரை, மூன்று செ.மீ. இருக்கிறதே, அதுதான் நிஜ டிராக்கில் உதிரி மண் ஒதுங்கிக் கிடக்கிற குஷன். அங்கே மண் ஒட்டுங்கள், மேலே மேட் வார்னிஷ் இரண்டு கோட் அடித்துப் பொடி எழும்பாமல் பூட்டிவிடுங்கள். ஆசையும் தீரும், காரும் பிழைக்கும்.

பெயின்ட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை எல்டோரா போகும்போது பார்க்கிங்கில் ஷூவில் ஒட்டி வருகிற களிமண் கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அதைக் காயவைத்து, சாம்பிள் டப்பா கலந்து தருகிற பெயின்ட் கடையில் கொடுத்தால் ஸ்கேன் செய்து அதே நிறத்தைத் தருவார்கள். பளபளப்பே இல்லாத ஃபிளாட் லேடெக்ஸ்தான் கேட்க வேண்டும். ஃபோம் ரோலரில் உருட்டினால் பொடிப்பொடியாக ஒரு சொரசொரப்பு தானாக விழும், மணல் கலக்க வேண்டியதே இல்லை. அதே நிறத்தில் கொஞ்சம் கறுப்பு கலந்து ஈரமான ஸ்பாஞ்சால் ஆங்காங்கே ஒற்றுங்கள், முதல் கோட் முழுசாகக் காய்வதற்குள் ஒற்றினால் விளிம்பு தெரியாமல் கலந்துகொள்ளும்.

ரப்பர் படிந்த கறுப்புத் தடத்தை எல்லோரும் ஸ்லாட்டுக்கு நடுவாக அடித்து வைக்கிறார்கள், அங்கேதான் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. திருப்பத்தில் உங்கள் காரின் பின் டயர் ஸ்லாட் மேல் போவதில்லை, மூன்று நான்கு செ.மீ. வெளியே போகிறது. தடத்தையும் அங்கே போடுங்கள், நேர்ப்பாதை வரும்போது மெதுவாக ஸ்லாட்டை நோக்கிச் சேருங்கள். அந்தப் பட்டைக்கு மட்டும் லேசாகச் சாட்டின் வார்னிஷ் கொடுத்தால் விளக்கில் மினுங்கும், டயர் பிடிப்பும் கொஞ்சம் கூடும்.

ஒன்று மறந்தேன், எம்.டி.எஃப். தண்ணீரைக் குடித்து உப்பும். வெட்டிய ஸ்லாட் விளிம்பை வார்னிஷோ ஷெல்லாக்கோ வைத்து அடைக்காமல் தண்ணீர் கலந்த பசையைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், ஸ்லாட் குறுகிவிட்டால் கைடு சிக்கும், அப்புறம் மறுபடி ரூட்டர்தான். காப்பர் மேல் மாஸ்கிங் டேப், ஸ்லாட்டுக்குள் ஒரு நூல் கயிறு திணித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

---

கோவை_ஸ்போக்

ரவி அண்ணா மண்ணைக் கண்டாலே பயப்படுவார், இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். டயர் படாத இடத்தில் நிஜ மண்ணுக்கு ஈடு எந்தக் கடைப் பொடியும் கிடையாது, அதை மட்டும் அவர் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

நான் கட்டுவது 1/64, ஜார்ஜியா பக்கத்துச் சிவப்புக் களிமண் டிராக் மாதிரி. எனக்கு மண் வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. பாண்டி அண்ணா, உங்களுக்கு அந்தச் சிவப்பு ஆகாது, ஒஹாயோ மண் பழுப்பு, ஐயோவாவின் நாக்ஸ்வில் டிராக்கைக் கட்டுகிறவர்களுக்குக் கறுப்பு. எங்கே கட்டுகிறோமோ அந்த ஊர் மண்ணை எடுத்தால் நிறச் சண்டையே இல்லை.

எடுத்த மண்ணை ஓவனில் நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே அரை மணி நேரம் வையுங்கள், புழு முட்டை, புல் விதை எல்லாம் அடங்கிவிடும் (வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, நாற்றம் இருக்கும்). அப்புறம் டீ வடிகட்டியில் ஒரு தடவை, பழைய நைலான் காலுறையில் ஒரு தடவை சலியுங்கள். மேலே தங்குவது சுவருக்கு வெளியே, காலுறையில் இறங்குகிற மாவு குஷனுக்கும் சுவரில் தெளிக்கிற சேற்றுக்கும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சலித்த மண்ணைத் தட்டில் பரப்பி, மேலே மெதுவாக இழுத்துப் பாருங்கள். கவரில் கறுப்பாக மயிர் முளைத்த மாதிரி நின்றுகொண்டு வரும். அதெல்லாம் இரும்புத் துகள். காந்தத்தைக் கவரிலிருந்து வெளியே எடுத்தால் அத்தனையும் உதிர்ந்துவிடும், அதனால்தான் கவர். கறுப்பு வருவது நிற்கிறவரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இல்லையென்றால் இதே துகள் மோட்டார் காந்தத்தில் போய் உட்காரும், மோட்டார் சூடாகும், ஏன் என்றே தெரியாமல் மோட்டாரை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். ரயில் மாடல் கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான், ஸ்லாட் கார்காரர்கள்தான் சோம்பேறிகள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு. மண்ணை உலர்வாகத் தூவி, மேலே ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பனி மாதிரி ஸ்பிரே செய்துவிட்டுப் பசையைச் சொட்டு மருந்து பாட்டிலில் விடுங்கள், தானாக உறிஞ்சிக்கொள்ளும். ஆல்கஹால் இல்லாமல் விட்டால் பசை முத்து முத்தாக உருண்டு மண்ணைக் குழி பறிக்கும்.

வேலிக் கம்பத்துக்கு சைக்கிள் ஸ்போக். சாதாரண ஸ்போக் 2 மி.மீ. கனம், 1/32-இல் அது ஆறரை செ.மீ. குழாய், வேலிக் கம்பத்துக்கு அப்படியே பொருந்தும். பழுது பார்க்கும் கடையில் பழசைச் சும்மாவே தருவார்கள். மேல் முனையை டிராக் பக்கம் லேசாக வளைத்துவிடுங்கள், நிஜ வேலியும் அப்படித்தான் உள்ளே சாய்ந்திருக்கும். வலைக்குக் கொசுவலைத் துணியோ கல்யாண முக்காடுத் துணியோ, ஒன்றரை மி.மீ. கண் உள்ளதாகப் பாருங்கள், அது நிஜத்தில் ஐந்து செ.மீ. கண் கம்பிவலை. வெள்ளையாக விடாதீர்கள், கறுப்பு ஸ்பிரே அடித்தால் வலை மறைந்து பின்னால் உள்ளது தெரியும், வெள்ளையாக விட்டால் வலை மட்டும்தான் தெரியும்.

கம்பத்தைப் பலகையில் நேராக நட வேண்டாம். துளை போட்டு ரப்பர் குரோமெட் (ரப்பர் வளையம்) வைத்து அதற்குள் செருகுங்கள், கார் வந்து மோதினால் சாய்ந்துவிட்டு நிமிர்ந்துகொள்ளும். சுவருக்கு போர்டு எழுதுகிறவர்கள் பயன்படுத்துகிற பி.வி.சி. ஃபோம் ஷீட் 5 மி.மீ., உயரம் 32, 35 மி.மீ. வெட்டினால் நிஜத்தில் ஒரு மீட்டரைத் தாண்டும். திருப்பத்துக்கு வளையவில்லை என்றால் பின்பக்கம் கத்தியால் பாதி ஆழத்துக்குக் கீறிக்கொண்டே போங்கள். கம்பங்கள் சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டும், கார் மோதுவது சுவரில், கம்பத்தில் இல்லை.

---

பேஸ்மென்ட்_பாண்டி

ரவி, ஸ்போக், இரண்டு பேருக்கும் நன்றி. மேஜைக்குச் சக்கரம் போடப் போகிறேன், வீட்டில் பேசி முடித்தாயிற்று. காந்த வேலையைக் கேட்டதும் உடனே கொல்லைப்புற மண்ணில் செய்து பார்த்தேன், கவரில் வந்ததைப் பார்த்தால் பகீர் என்கிறது.

ஆனால் ஒன்று புரிகிறது, சுவர் பலகை விளிம்பிலேயே வந்துவிடுகிறது. அப்படியானால் ஸ்டாண்டு, மரம், வயல் எல்லாம் எங்கே நிற்கும்? ஆட்கள் கேள்வியும் பாக்கி இருக்கிறது. பச்சைப் புல் பாய் வாங்கி உள்வட்டத்தில் விரித்துப் பார்த்தேன், கோல்ஃப் மைதானம் மாதிரி இருந்தது, சுருட்டி வைத்துவிட்டேன்.

---

மெயின்லைன்_மாமா

தம்பி பாண்டி, நான் ரயில் மாடல்காரன், இப்போது இருப்பது டொராண்டோவில், எல்டோராவுக்கும் நாக்ஸ்வில்லுக்கும் போயிருக்கிறேன். மேலே இரண்டு பேரும் எதில் செய்வது என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்பது வேறு. உன் டிராக்கில் இப்போது மணி என்ன?

விளையாட்டாகக் கேட்கவில்லை. களிமண் டிராக் ஒரே ராத்திரியில் நாலு நிறம் மாறும். மத்தியானம் தண்ணீர் லாரி சுற்றிச் சுற்றி ஊற்றியிருக்கும், மண் கரும்பழுப்பாகக் கிடக்கும். அப்புறம் வண்டிகளை மெதுவாக ஓட்டி மண்ணை அமுக்குவார்கள். சாயங்காலம் ஹாட் லாப்ஸ் (ரேஸுக்கு முந்தின பயிற்சிச் சுற்றுகள்) நேரத்தில் டயர் கடித்து இழுக்கிற ஈரம், கட்டி கட்டியாகச் சுவரில் அடிக்கும். ஹீட் ரேஸ் (கடைசி ரேஸுக்குத் தகுதி பார்க்கிற சின்ன ரேஸ்கள்) முடிவதற்குள் உள்பக்கம் காய்ந்து வெளுத்து, கடைசி ரேஸில் கறுப்பாக மினுங்குகிற தடம் ஒன்று, சுவரோரம் உதிரி மண் கரை ஒன்று என்று இரண்டாகப் பிரிந்துவிடும். ரவி சொல்கிற பளபளப்புத் தடம் ராத்திரி பத்து மணிச் சமாச்சாரம். அதோடு கரும்பழுப்பு ஈர மண்ணையும் சாயங்கால வெயிலையும் சேர்த்து வைத்தால் எங்கேயோ இடிக்கிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரியும், எது என்று சொல்லத் தெரியாது.

உனக்கு நான் சொல்வது ஹாட் லாப்ஸ் நேரம், செப்டம்பர் முதல் பாதி, வெயில் சாய்ந்து விளக்கு போட்டுவிட்ட பொழுது. காரணம் உன் பர்ஸ்தான். அந்த நேரத்தில் ஸ்டாண்டு நிறைந்திருக்காது! டர்ட் டிராக் ரசிகர்கள் முன்னாடியே வந்து பெஞ்சில் போர்வையை விரித்து இடம் பிடித்துவிட்டு வெளியே சமைக்கவும் பேசவும் போய்விடுவார்கள். ஆகவே ஸ்டாண்டு முழுக்கப் போர்வை போடு. பழைய பருத்திச் சட்டையை 5 செ.மீ. பட்டைகளாகக் கிழித்து, தண்ணீர் கலந்த பசையில் நனைத்துப் பெஞ்சு மேல் மடிந்து தொங்குகிற மாதிரி போட்டுக் காயவிடு. கட்டம் போட்ட சட்டை கிடைத்தால் யோகம், ஆனால் கட்டம் 3, 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் எடுக்காதே. நடுவில் பத்துப் பதினைந்து ஆட்கள், இரண்டு ஐஸ் பெட்டி, ஒரு குழந்தை காதில் பெரிய ஹெட்போன் மாதிரி சத்தம் தடுக்கிற கருவி. முடிந்தது. ஆட்களுக்கு 54 மி.மீ. சிப்பாய் பொம்மைகளைப் பார், அது கிட்டத்தட்ட 1/32, துப்பாக்கியை வெட்டிவிட்டுத் தொப்பியை மாற்றினால் ஒஹாயோ விவசாயி.

ஸ்டாண்டைப் பலகையில் கட்டாதே. தனியாக ஒரு பெட்டி மாதிரி செய்து, மேஜைப் பக்கவாட்டில் இரண்டு பிராக்கெட் வைத்து அதில் மாட்டு, ரேஸ் நாளில் கழற்றி அலமாரியில் வைக்கலாம், ஃபோட்டோ எடுக்கிற நாளில் மாட்டிக்கொள்ளலாம். கார் பறந்துபோய் விழுவது திருப்பத்திலிருந்து வெளியே வருகிற இடம், அங்கே சீனரி என்ற பேரில் வெறும் மண்மேடும் கொஞ்சம் களையும் போதும். நுணுக்கமான வேலை எல்லாம் உள்வட்டத்துக்குக் கொண்டு போ, அங்கே கார் அவ்வளவாகப் போகாது.

உள்வட்டத்தில் என்ன வைப்பது? ஸ்பிரின்ட் கார் (சக்கரங்கள் வெளியே தெரிகிற ரேஸ் கார்) வைத்திருக்கிறாயா? அதற்கு ஸ்டார்ட்டர் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது, பின்னால் ஒரு வண்டி முட்டித் தள்ளினால்தான் கிளம்பும். ஆகவே முன்னால் ரப்பர் பம்பர் கட்டிய பிக்கப் இரண்டு கட்டாயம் நிற்க வேண்டும். பண்ணைப் பொருள் விற்கிற கடைகளில் 1/32 டிராக்டர் பொம்மைகள் கிடைக்கும், அதில் ஒன்று, ஒரு தண்ணீர் லாரி, ஆம்புலன்ஸ். உள்விளிம்பு நெடுக டிராக்டர் டயரைப் பாதி புதைத்து வைக்கிற டிராக்குகள் உண்டு, உனக்குப் பிடித்தால் செய்துகொள், வளைவு நன்றாகத் தெரியும். புல்லைப் பச்சையாக வைக்காதே என்பதற்கும் மணிதான் காரணம்: செப்டம்பர், கோடை முழுக்க மண் படிந்த புல். ஸ்டாட்டிக் கிராஸில் (நிலைமின்சாரத்தால் நிற்கவைத்து ஒட்டுகிற செயற்கைப் புல்) 4 மி.மீ. நார் இந்த அளவில் 13 செ.மீ. புல், அது போதும், 6 மி.மீ. எடுத்தால் யாரும் வெட்டாத புல் ஆகிவிடும், வேலி ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள். பச்சையையும் வைக்கோல் நிறத்தையும் பாதிக்குப் பாதி கலந்து அடி, முடிந்ததும் ஸ்போக் சலித்த மாவைத் தூரிகையில் தொட்டுச் சுவர்ப் பக்கத்திலிருந்து தட்டிவிடு. சுவருக்கு அருகே கனமாக, தள்ளிப் போகப் போக ஒன்றுமில்லாமல். களிமண் டிராக்கைச் சுற்றி இருக்கிற எல்லாப் பொருளிலும் கார் இருக்கிற பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் ஒரு நிறம். விளக்குக் கம்பம்கூட அப்படித்தான். இதைச் செய்யாமல் எத்தனை மரம் நட்டாலும் அது மைதானம்.

இனி சோளம். எல்டோரா இருக்கிற டார்க் கவுன்ட்டியைக் கட்டிவிட்டுச் சோளம் இல்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எட்டு அடிச் செடி 1/32-இல் 75 மி.மீ. வரிசைக்கு வரிசை நிஜத்தில் 30 அங்குலம், உனக்கு 24 மி.மீ. செடிக்குச் செடி ஆறு அங்குலம் என்று வைத்தால் 5 மி.மீ. இப்போது கணக்குப் போட்டுப் பார், ஓர் அடிக்கு ஓர் அடி வயலுக்கே எழுநூறு செடிக்கு மேல் வேண்டும். செய்யாதே. முன் வரிசை இரண்டை மட்டும் ஒழுங்காகச் செய், அதற்குப் பின்னால் மூன்று வரிசை சும்மா தாளை வெட்டி நட்டாலும் தெரியாது, அதற்கும் பின்னால் அடர்ந்த பச்சை அட்டை. மேலே கதிர்ப்பூ மட்டும் எல்லா வரிசையிலும் இருக்க வேண்டும், கண் அதைத்தான் பார்க்கும். அந்த மாசத்தில் அடி இலைகள் காய்ந்திருக்கும், மேலே இன்னும் பச்சை.

பின்னணி: மேஜைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே இடைவெளி விடப் போகிறாய் அல்லவா, வானத்தை அந்தச் சுவரிலேயே வரைந்துவிடு. நடுவில் இருக்கிற வெற்றிடம் உனக்குச் சாதகம், டிராக் விளக்கின் நிழல் வானத்தில் விழாது. தொடுவானம் நாற்காலியில் உட்கார்ந்து கன்ட்ரோலர் பிடிக்கிறவன் கண் உயரத்தில் வர வேண்டும். அந்த ஊர் தட்டை, மலை கிலை ஒன்றும் வரைந்து வைக்காதே. தூரத்துத் தானியக் குதிருக்கு 1/64 பண்ணைப் பொம்மையைச் சுவரோரம் வைத்தால் இன்னும் தள்ளி இருப்பதாகத் தோன்றும்.

---

கோவை_ஸ்போக்

மாமா சொன்ன கதிர்ப்பூவுக்கு நம் பூந்துடைப்பம் இருக்கிறதே! நுனியை 10 மி.மீ. கிள்ளினால் அச்சு அசல். பாண்டி அண்ணா, உங்கள் ஊர் இந்தியக் கடையில் ஒரு கட்டு வாங்குங்கள், வயலுக்கும் போதும், வீட்டுக்கும் மிஞ்சும்.

---

ரூட்டர்_ரவி

மாமா சொன்ன மணிக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஹாட் லாப்ஸ் என்றால் பளபளப்புத் தடம் வேண்டாம், முழு டிராக்கும் ஒரே கரும்பழுப்பு, சுவரோரம் மட்டும் கட்டி மண்.

ஸ்டாட்டிக் கிராஸ் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. நிறைய அடித்துவிட்டு உடனே கார் ஓட்டாதீர்கள், ஒட்டாத நார் எப்படியும் டிராக்குக்கு வரும், அச்சில் சுற்றிக்கொள்ளும். பசை காய்ந்ததும் வாக்குவம் கிளீனர் வாயில் துணி கட்டி உறிஞ்சுங்கள், துணியில் தங்குவதை மறுபடி பயன்படுத்தலாம். நான் உள்விளிம்பிலிருந்து பத்து செ.மீ. வரை புல்லே வைப்பதில்லை, மாமாவுக்கு இதில் உடன்பாடு இருக்காது.

---

மெயின்லைன்_மாமா

இல்லை. பத்து அதிகம், ஐந்து போதும்.

---

பேஸ்மென்ட்_பாண்டி

மணி ஆறு என்று முடிவு செய்துவிட்டேன், மாமா. போர்வை யோசனைக்கே உங்களுக்கு ஒரு சாப்பாடு கடன்பட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று. விளக்குக் கம்பம் எட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். டிராக் சப்ளையிலிருந்தே கரன்ட் எடுக்கலாமா, எல்.இ.டி. எந்த நிறம்? அப்புறம், சேறு தெளிப்பது எப்படி என்று ஸ்போக் சொல்லவே இல்லை.

---

ரூட்டர்_ரவி

டிராக் சப்ளையைத் தொடாதீர்கள். இரண்டு கார் ஒன்றாகக் கிளம்பும்போது விளக்கு மங்கும், ரிப்பேர் பார்க்கும்போது எது எங்கே போகிறது என்று தெரியாது. தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு 3 வோல்ட் போனால் மிச்சம் 9, அதற்கு 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் 9 மில்லிஆம்ப் ஓடும், இந்த அளவுக்கு அதுவே வெளிச்சம் அதிகம், கண் கூசினால் 2.2 கிலோஓம் போடுங்கள். நிறம் மஞ்சள் வேண்டாம், மைதான விளக்கு வெள்ளை, 4000 முதல் 5000 கெல்வின் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். பேஸ்மென்ட் மேல்விளக்கை மட்டும் மஞ்சளாக மாற்றி ஒரே பக்கத்திலிருந்து அடிக்கவிட்டால் உங்கள் ஆறு மணி வந்துவிடும்.

ஸ்டாண்டுப் பெட்டியைக் கழற்றி மாட்டுகிற இடத்தில் விளக்கு வயருக்குப் பிளக் வையுங்கள். சால்டர் செய்து வைத்துவிட்டு அப்புறம் பெட்டியைத் தூக்காதீர்கள்.

---

கோவை_ஸ்போக்

சேற்றுக்கு: காலுறையில் இறங்கிய மாவு, மேட் வார்னிஷ், கொஞ்சம் தண்ணீர், தோசை மாவைவிடக் கெட்டியாக. பழைய டூத் பிரஷில் தொட்டு, கார் போகிற திசையிலேயே சாய்வாகச் சுவரைப் பார்த்து விரலால் வழித்துத் தெறிக்க விடுங்கள். நேராக அடித்தால் வட்ட வட்டமாக விழும், சாய்வாக அடித்தால் வால் வைத்த மாதிரி நீளமாக விழும், அதுதான் வேண்டும். திருப்பம் முடிகிற இடத்தில் இரண்டு மூன்று சுற்று, நேர்ப்பாதை நடுவில் ஒன்றே போதும். ஹாட் லாப்ஸ் நேரம் என்பதால் கொஞ்சம் கெட்டிச் சேற்றைப் பல்குத்தும் குச்சியால் கட்டியாகவே அப்பி விடுங்கள், அதன் மேல் மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி வைத்தால் ஈரமாகத் தெரியும். முந்தின நாள் காய்ந்த சேறு அடியில் வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும், ஆகவே வெளிரை முதலில் அடித்துக் காயவிட்டு அப்புறம் கரும்பழுப்பு. விளம்பரப் பலகைகளை இதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள், எழுத்தில் பாதி சேற்றில் மறைந்தால்தான் நன்றாக இருக்கும்.

இன்னொன்று, ஓட்டுநர்கள் ஹெல்மெட் கண்ணாடியில் சேறு படியப் படிய மேலே ஒட்டியிருக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்து எறிந்துகொண்டே போவார்கள். சமையலறை கிளிங் ஃபிலிமை அந்த ஹெல்மெட் கண்ணாடித் தாளின் அளவில், 7 மி.மீ.க்கு 3 மி.மீ. என்று கத்தரித்து, சேறு காய்வதற்குள் சுவர் அடியில் நாலைந்து இடத்தில் ஒட்டிவிடுங்கள். டிராக் மேல் போட்டுவிடாதீர்கள், பிரெய்டில் ஒட்டிக்கொண்டால் கார் நின்றுவிடும்.